ஜூலியின் இடுப்புக் கோடு

"அம்மா, வைரவற்ற நாயை ஆர் முழுக வாக்கிறது?"

மிதுஷா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. இடம் பாலையூற்று வைரவர் கோயில். திருவெம்பாவைக் காலத்து விடியற்காலை. தீபம் காட்டுகிற நேரம். எல்லோரும் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறார்கள். சிவரூபி கண்ணைத் திறக்காமலே, "ஐயர் வாப்பார். பேசாமக் கும்பிடு" என்றாள்.

"அதுக்கு வைரவர் ஐயருக்கு மாசச் சம்பளம் குடுப்பாரோ, இல்லாட்டி நாய்க்கு இவ்வளவு எண்டு குடுப்பாரோ?"

பின்னால் நின்ற ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். சிவரூபி மகளின் தலையில் மெல்லத் தட்டினாள்.

இரண்டு வருடம் கழித்து அதே கேள்வியை அரசாங்கம் கேட்டது. குழந்தை கேட்டபோது தலையில் ஒரு தட்டோடு விஷயம் முடிந்துவிட்டது. அரசாங்கம் கேட்டதால் அதற்கு ஒரு கட்டிடமும் இரண்டு அதிகாரிகளும் நிறையக் கதிரைகளும் வேண்டியிருந்தன.

திருகோணமலை உட்துறைமுக வீதியில், வள்ளச் சாமான் விற்கும் கடைக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவில், பிரசாந்தி என்பவர் "வாலாட்டி" என்ற கடையை நடத்துகிறார். செல்லப்பிராணிகளுக்கான அலங்கார நிலையம். ஊர்க்காரர் அதை நாய்ச் சலூன் என்பார்கள். சிவரூபி அங்கே நாய்களை முழுக வார்த்து, சிக்கெடுத்து, முடி வெட்டி, நகம் வெட்டி, காதைத் துடைத்து அனுப்புகிறவள். கிழமையில் நாலு நாள் கடையில் நிற்பாள். மற்ற நாட்களில் தன் பையைத் தூக்கிக்கொண்டு நிலாவெளிப் பக்கம் வீடு வீடாகப் போவாள். பிரசாந்தி அவளுக்கு மாதம் முடிய ஒரு தொகை கொடுப்பார். நாய் கூடிய மாதத்தில் நாய்க்கு இவ்வளவு என்று மேலேயும் கொடுப்பார். இருவருக்கும் இதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

வாலாட்டியில் ஒரு வழக்கம் உண்டு. கத்தரிக்கோலைப் பிரசாந்தி அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைப்பார். வைத்துவிட்டு அப்பால் போவார். பிறகுதான் சிவரூபி அதை எடுப்பாள். கத்தரிக்கோலைக் கைக்குக் கை மாற்றினால் சண்டை வரும் என்று இருவருமே சிறுவயதில் படித்திருந்தார்கள். ஆறு வருடமாகக் கைக்குக் கை மாற்றவில்லை, ஆறு வருடமாகச் சண்டையும் வரவில்லை. ஆகவே அது உண்மை என்பது உறுதியாயிற்று.

சிக்கல் தொடங்கியது, இருவரும் ஒழுங்காக வரி கட்ட நினைத்ததால்.

"கோயிலுக்கு நேந்து வைச்சாக் குடுக்கிறம் தானே ரூபி" என்றார் பிரசாந்தி. "நாட்டுக்கும் குடுக்கத்தான் வேணும். ஆனா எந்த வாசலாலை போய்க் குடுக்கிறதெண்டு விளங்கேல்ல."

வாசல் இரண்டு இருந்தது. சிவரூபி ஊழியர் என்றால், பிரசாந்தி மாதச் சம்பளத்திலேயே வரியைக் கழித்துக் கட்ட வேண்டும். வேலை விட்ட காலத்துக்குச் சேர்க்கிற சேமலாப நிதிக்கும் இருவர் பங்கும் போக வேண்டும். சிவரூபி ஒப்பந்தக்காரி என்றால், கொடுக்கிற ஒவ்வொரு கூலியிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக் கட்ட வேண்டும். மீதிக் கணக்கைச் சிவரூபியே வருட முடிவில் காட்ட வேண்டும். தான் வாங்கிய சீப்பையும் சவர்க்காரத்தையும் பஸ் காசையும் அவள் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். சேமலாப நிதி கிடையாது.

ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். கேட்காமல் விட்டிருந்தால் ஒன்றும் நடந்திராது. இதை நான் யாருக்கும் அறிவுரையாகச் சொல்லவில்லை.

வேலைநிலை நிர்ணயப் பணிமனை துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு பழைய கட்டிடத்தில் இருந்தது. அதன் பணிப்பாளர் பதவி நெடுங்காலமாக வெற்றிடம். முன் விறாந்தையில் இருந்த பணிப்பாளரின் அறை பூட்டியிருந்தது. அறை வாசலில் கிடந்த கால்மிதியில் ஒரு நாய் படுத்திருந்தது. எந்தக் காலத்திலோ ஏதோ ஒரு சீமை நாயின் இரத்தம் அதில் கலந்திருக்க வேண்டும். முடி நீண்டு, சடைத்து, மண்ணும் உண்ணியுமாகக் கட்டிபட்டிருந்தது. அடியில் என்ன நிறம் என்று யாரும் பார்த்ததில்லை. காவலாளி முஹம்மது தம்பி அதை "டிரெக்டர்" என்று கூப்பிடுவார். வருகிறவர்கள் அதைக் கடந்துதான் போக வேண்டும். அது எழும்பாது, எதையும் தடுக்காது, எதையும் செய்யாது. பதவிக்குப் பொருத்தமாகவே இருந்தது.

கடையைப் பிரசாந்தி பார்த்துக்கொள்ள, சிவரூபி தனியாகப் போனாள். உள்ளே இடப்பக்கம் நீலக் கதிரைகள், வலப்பக்கம் பச்சைக் கதிரைகள். நீலக் கதிரை ஒன்றில் அவள் உட்காரப் போனாள்.

"தங்கச்சி, அது ஊழியர் கதிரை" என்றார் இடப்பக்க மேசையில் இருந்த அதிகாரி அருளம்பலம். "நீங்கள் ஊழியரோ?"

"தெரியாது சேர். அதைக் கேக்கத்தான் வந்தனான்."

"தெரியாம அதில இருந்தா, தெரிஞ்ச மாதிரி ஆகிப்போம்."

அவள் பச்சைக் கதிரைப் பக்கம் திரும்பினாள். வலப்பக்க மேசையில் இருந்த அதிகாரி ரிஷிகேசன் இரண்டு கையையும் உயர்த்தினார். "இஞ்சயும் வேண்டாம். இருந்தீங்களெண்டா ஒப்பந்தக்காரரெண்டு நீங்களே ஒப்புக்கொண்டதாப் பதிய வேணும். பிறகு எங்களைக் குறை சொல்லக் கூடாது."

"அப்ப நான் எங்க இருக்கிறது?"

இரு அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இந்தக் கேள்வி முன்பு வந்ததில்லை. "நில்லுங்கோ" என்றார் அருளம்பலம் அன்பாக. "நிக்கிறதுக்கு ஒரு தடையும் இல்லை."

அவள் நின்றாள். பத்து மணிக்கு நின்றாள், பதினொரு மணிக்கும் நின்றாள். அப்போது வாசலிலிருந்து முஹம்மது தம்பி ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார். அவருடைய ஒரு முழங்காலில் துணி சுற்றியிருந்தது. அவர் விந்தி விந்தி நடந்தார்.

"இரிங்க புள்ள. இது ரெண்டு பக்கத்துக்கும் இல்ல. இது என்ட கதிரை."

"நீங்க எங்க இருப்பீங்க, நானா?" மூத்த முஸ்லிம் ஆண்களை ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள்.

"நான் காவலாளி. நிண்டாத்தான் காவல்" என்றார் அவர். கொஞ்ச நேரத்தில் இஞ்சி போட்ட பிளேன்டீ ஒன்றும் கொண்டுவந்து வைத்தார். அன்று மாலைவரை கதவுநிலையில் சாய்ந்து, ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றார். இதை யாரும் எங்கேயும் பதியவில்லை.

சிவரூபி பொழுதுபோகாமல் டிரெக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொழில் செய்கிறவளின் கண் அப்படித்தான். "நானா, இந்தச் சீவனுக்கு உண்ணி உயிரை எடுக்குதே."

"எனக்குத் தெரியாமயா?" என்றார் அவர். "சோறு வைக்கிறன், தண்ணி வைக்கிறன். ராவெல்லாம் சொறிஞ்சு சொறிஞ்சு அழும். ஆனா நான் அஞ்சு வக்தும் தொழுற ஆள் புள்ள. நாய்ட ஈரம் பட்டா எங்களுக்கு ஏழுதரம் கழுவோணும். இந்தக் காலோட ஏலாது. ஆரையாவது கேப்பமெண்டா, கந்தோர் நாயை ஆர் தொடுவான்?"

அன்று நாலு மணிக்கு அவளுடைய விஷயம் எடுக்கப்பட்டது. மாதத் தொகையும் உண்டு, நாய்க்கு இவ்வளவும் உண்டு என்று அவள் சொன்னதும் இரு அதிகாரிகளும் பேனாவை வைத்துவிட்டார்கள்.

"தங்கச்சி, நீங்கள் இப்ப நிர்ணயிக்கப்படாத ஆள்" என்றார் அருளம்பலம். "தீர்மானம் வரும்வரைக்கும் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது. முதலாளி உங்களுக்கு ஒரு கொடுப்பனவும் செய்யக்கூடாது."

"சேர், இது மார்கழி. என்ர மனுசன் இறக்கக்கண்டியில தோணி ஓடுறவர். வாடைக் கடலுக்கு ஆரும் இறங்கேல்ல. வீட்டில உலை வைக்கிறது என்ர கையாலதான்."

"அதுக்காகத்தான் அவசரப்படாமச் செய்யிறம்" என்றார் ரிஷிகேசன். "இந்தப் பணிமனை தொடங்கின நாளிலயிருந்து ஒரு பிழையான தீர்மானமும் எடுக்கேல்ல. ஏன் தெரியுமோ? ஒவ்வொண்டையும் எடுக்கிறதுக்கு முதல் அவ்வளவு யோசிப்பம். சில ஆக்கள் நாங்கள் யோசிச்சு முடிக்க முதல் ஓய்வு பெற்றிட்டினம். அவையிட்டையிருந்து ஒரு முறைப்பாடும் வரேல்ல."

"நாங்கள் ஆக்களை அலைக்கழிக்கிறமெண்டு வெளியில கதைக்கினம்" என்று அருளம்பலம் சேர்த்துக்கொண்டார். "நாங்கள் ஆரையும் அலைக்கழிக்கிறதில்லை. நாங்கள் இதிலயே தான் இருக்கிறம். வாறவைதான் அலையினம்."

நாட்கள் போயின. வாலாட்டியில் நாய்கள் குவிந்தன. பிரசாந்திக்குக் குளிப்பாட்டத் தெரியும், வெட்டத் தெரியாது. நிலாவெளி டொக்டர் அம்மாவின் ஜூலி என்ற சின்ன வெள்ளைச் சடைநாய்க்கு முடி வளர்ந்து கண் மறைந்துபோயிற்று. அது டொக்டர் அம்மா என்று நினைத்துத் தபால்காரரின் பின்னால் போய்விட்டது. சிவரூபியின் கணவர் யோகலிங்கம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, "தோணிக்காரனா நான் ஆற்ற ஊழியன்? கடலின்ர கொந்தராத்துக்காரனோ?" என்று மனைவியைக் கேட்டார். அரிசி வாளியின் அடியில் அளக்கிற சுண்டு தட்டுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. பிரசாந்தி அரிசியும் பருப்பும் சுற்றி அனுப்பினார். அடுத்த தடவை பணிமனையில் சிவரூபி அதைக் கபடமில்லாமல் சொல்லிவிட்டாள். அருளம்பலத்தின் முகம் இருண்டது.

"பருப்பு எவ்வளவு?"

"ஒரு கிலோ இருக்கும் சேர்."

"அது பொருளாகச் செய்த கொடுப்பனவு. சமைச்சிட்டீங்களோ?"

"ஓம்."

"சரி. சமைச்சதை விடுவம். இனிமேல் அவ பசியெண்டு பாக்கக் கூடாதெண்டு சொல்லுங்கோ."

அன்றைய விசாரணையில், நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் யார் துரத்துவது என்று கேட்டார்கள். முதலாளி துரத்தினால் இவள் ஊழியர், இவள் துரத்தினால் ஒப்பந்தக்காரி என்று ஒரு விதி இருந்தது. "கிட்ட நிக்கிற ஆள் துரத்தும்" என்றாள் சிவரூபி. அதற்கு விதி இருக்கவில்லை.

"இப்ப வைரவரை எடுங்கோ" என்றார் அருளம்பலம். அவர் நெற்றி நிறைய நீறு பூசுகிறவர். "நாய் அவருக்கு வாகனம். வேற தெய்வத்துக்குப் போறதில்லை. அப்ப அது முழுநேர ஊழியர். இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்?"

"அப்ப பிள்ளையாற்ற எலி?" என்றார் ரிஷிகேசன். "அந்த உடம்பை அந்தச் சின்ன எலி சுமக்குது. ஊழியரெண்டா தொழிற்சங்கம் விடுமோ ஐசே? அது கொந்தராத்து. தான் ஒப்புக்கொண்ட பாரம்."

சாமி விஷயத்தில் இப்படிக் கதைக்கலாமா என்று சிவரூபிக்கு மனம் கூசியது. பிள்ளையார் கோபிக்க மாட்டார் என்றே நான் நினைக்கிறேன். அவர் இதைவிடப் பாரமானவற்றைப் பொறுத்துக்கொண்டிருக்கிறவர்.

எலியில் ஒருமித்த முடிவு வராததால், நேரடி அவதானிப்பு செய்வதென்று தீர்மானமாயிற்று. சிவரூபி வேலை செய்வதை அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். பார்க்கும் நேரத்துக்கு மட்டும் கத்தரிக்கோலைத் தொட அனுமதி. ஒரு வியாழக்கிழமை அலுவலக வாகனம் பேக்கரிக்கு முன்னால் வந்து நின்றது. முதலில் அருளம்பலம் இறங்கினார். பிறகு ரிஷிகேசன். கடைசியாக, சிவப்பு நாடாவால் கட்டிய கோப்பைத் தூக்கிக்கொண்டு முஹம்மது தம்பி விந்தி வந்து, நாய்க்கு எட்டாத தூரத்தில், வாசற்படியில் நின்றார். அதிகாரிகள் தங்கள் கையால் கோப்புத் தூக்குவது விதிக்கு மாறு.

ஜூலி மேசையில் ஏற்றப்பட்டது.

"டொக்டர் அம்மாக்கு முகம் வட்டமா வேணுமாம் ரூபி, படம் அனுப்பினவா" என்று பிரசாந்தி கைபேசியைக் காட்டினார். "பின்பக்கம் உனக்குத் தெரியும் தானே. உன்ர விருப்பம்." சொல்லிவிட்டு அலுமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, மேசையில் வைத்து, அப்பால் போனார். சிவரூபி அதை எடுத்தாள்.

ரிஷிகேசன் கைதட்டினார். "பதியுங்கோ! முதலாளி உபகரணத்தைக் குடுக்கேல்ல. மேசையில போட்டிட்டு விலகிப் போறா. இவ தன்பாட்டில எடுக்கிறா. இது கொந்தராத்து."

"மேசை ஆற்றை?" என்றார் அருளம்பலம். "முதலாளியின்ரை. முதலாளியின்ர மேசை குடுத்தா முதலாளி குடுத்த மாதிரி. ஊழியர்."

"அப்ப மேசையோ ஐசே சம்பளம் குடுக்கிறது?"

பிரசாந்தி பயந்து குறுக்கிட்டார். "சேர், அது வேற ஒண்டும் இல்லை. கத்தரிக்கோலைக் கையில குடுத்தாச் சண்டை வருமெண்டு..."

இரு அதிகாரிகளின் வீட்டிலும் மனைவிமார் கத்தரிக்கோலை மேசையில்தான் வைப்பார்கள். ஆனால் அலுவலக நேரத்தில் அது அவர்களுக்குத் தெரியாது. "மூடநம்பிக்கையை வைச்சு வரி நிர்ணயிக்க ஏலாது" என்றார் அருளம்பலம். "கையில குடுங்கோ. நாங்கள் பாக்கிறம்."

"நான் மாட்டன்" என்றார் பிரசாந்தி.

"நான் வாங்கவும் மாட்டன்" என்றாள் சிவரூபி. "ஆறு வருசம் ஒரு சொல்லு இல்லாம இருக்கிறம் சேர்."

அருளம்பலத்துக்கு இந்த இருபதாம் நூற்றாண்டுத்தனம் பிடிக்கவில்லை. "என்ன சனங்களப்பா! இஞ்ச பாருங்கோ" என்று சொல்லி, சிவரூபி திரும்ப மேசையில் வைத்திருந்த கத்தரிக்கோலைத் தானே எடுத்து, ரிஷிகேசனின் உள்ளங்கையில் வைத்தார். ரிஷிகேசனும் வாங்கிக்கொண்டார். "இப்ப என்ன நடந்தது? வானம் இடிஞ்சுதோ?"

வானம் இடியவில்லை. ரிஷிகேசன் கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு அருளம்பலத்தைப் பார்த்தார்.

"நீர் எனக்கு உபகரணம் தந்தீர்" என்றார் மெதுவாக.

"ஓம், தந்தனான்."

"உம்மட கொள்கைப்படி, உபகரணம் தாறவர் முதலாளி. வாங்கிறவர் ஊழியர்."

"ஐசே, அது வந்து..."

"அப்ப நான் உமக்கு ஊழியனோ?" ரிஷிகேசனின் குரல் உயர்ந்தது. ஜூலி காதை மடித்தது. "ஒரே நாளில ஒரே தரத்தில வேலைக்கு வந்தனாங்கள். இவ்வளவு காலமும் மனசுக்குள்ள இதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனீரோ? இந்தப் பொதுசனத்துக்கு முன்னால, ஒரு நாய்க்கு முன்னால!"

"நான் தந்தா நீர் ஏன் வாங்கினீர்? வேண்டாமெண்டு மேசையில வைக்கச் சொல்லியிருக்கலாமே!"

"மேசையெண்டு நான் சொன்னதைத்தானே நீர் மறுத்தனீர்!"

பிரசாந்தியும் சிவரூபியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் முஹம்மது தம்பி கோப்பை மார்போடு அணைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவதானிப்பு முடிந்தது. போகும்போது ஒரு அதிகாரி வாகனத்தில் போனார், மற்றவர் பஸ்ஸில் போனார்.

இந்த இருவரும் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரே மேசையில் மதியம் சாப்பிடுகிறவர்கள். ஒருவர் வீட்டு மீன்குழம்பு மற்றவர் சோற்றில் விழும். அன்றிலிருந்து ஒருவர் கிழக்குச் சுவரைப் பார்த்தும் மற்றவர் மேற்குச் சுவரைப் பார்த்தும் சாப்பிட்டார்கள். கதைக்க வேண்டியதெல்லாம் எழுத்தில் போயிற்று. மேசைக்கு மேசை எட்டிப்பிடிக்கிற தூரம்தான். ஆனாலும் கடிதத்தை முஹம்மது தம்பி தூக்கி, வாசலுக்குப் போய், பதிவு செய்து, திரும்பி வந்து அடுத்த மேசையில் வைக்க வேண்டும். அவருடைய முழங்கால் வீங்கிப்போயிற்று.

சிவரூபிக்கு ஒரே உறையில் இரண்டு கடிதம் வந்தது. ஒன்றில் அவள் ஐயத்துக்கிடமின்றி ஊழியர். மற்றதில் ஐயத்துக்கிடமின்றி ஒப்பந்தக்காரி. இரண்டிலும் கீழே, "மற்றைய கடிதத்தைக் கருத்திற்கொள்ள வேண்டாம்" என்று இருந்தது.

அவள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் நின்றாள். முன்பு அவள் இப்படிப் பேசியதில்லை.

"சேர்மார், எனக்கு ஊழியரெண்டாலும் சரி, கொந்தராத்தெண்டாலும் சரி. எவ்வளவு வரியெண்டாலும் கட்டுறன். நான் வேலை செய்ய வேணும். நாளைக்குப் பிள்ளைக்கு என்ன குடுக்கிறதெண்டு தெரியாது. ஒரு முடிவைச் சொல்லுங்கோ."

அருளம்பலம் தன் மேசையைப் பார்த்தபடி, "நாய் முழுக்க என்ர பிரிவுக்குத்தான் வரும்" என்றார்.

ரிஷிகேசன் தன் மேசையைப் பார்த்தபடி, "ஒரு மயிரும் விட்டுக்குடுக்க மாட்டன்" என்றார்.

இருவருக்கும் நடுவில் இன்னொரு கடிதத்தோடு நின்ற முஹம்மது தம்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அலுத்துப்போய்ச் சொன்னார்: "அப்ப நாயைப் பாதிபாதியாப் பிரிச்சுக்கொள்ளுங்களன் சேர்."

சொன்ன பிறகு அவரே பயந்துபோனார். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அருளம்பலம் மெல்லத் தலையைத் தூக்கினார். ரிஷிகேசனும் தூக்கினார்.

"முன்பக்கத்துக்கு முதலாளி படம் காட்டிப் பணிக்கிறா" என்றார் அருளம்பலம்.

"பின்பக்கம் உன்ர விருப்பமெண்டு விடுறா" என்றார் ரிஷிகேசன்.

"மூக்கிலயிருந்து இடுப்பு வரைக்கும் ஊழியர்."

"இடுப்பிலயிருந்து வால் வரைக்கும் கொந்தராத்து."

"ஐசே..." என்றார் அருளம்பலம். சாப்பாட்டுப் பெட்டியை மற்ற மேசைப் பக்கம் தள்ளினார். "இண்டைக்கு வீட்டில சூடைக் கருவாட்டுக் குழம்பு."

இப்படித்தான் தீர்மானம் பிறந்தது. நாயின் முன்பாதிக்கு உரிய பணம் சம்பளம். அதில் மாத வரியும் சேமலாப நிதியும் கழியும். பின்பாதிக்கு உரியது ஒப்பந்தக் கூலி. அதில் கையோடு ஒரு பங்கு பிடிக்கப்படும். பாதி எது என்று தெரிவதற்கு, முடி வெட்டும்போது ஒவ்வொரு நாயின் இடுப்பிலும் ஒரு நாடா கட்டியிருக்க வேண்டும். மாதிரிக்கு ரிஷிகேசன் கோப்பைக் கட்டியிருந்த சிவப்பு நாடாவை அவிழ்த்துக் கொடுத்தார். மேசையில் வைத்தே கொடுத்தார்.

"நாயின்ர நீளத்தை வால் நுனி வரைக்கும் அளக்கோணும்" என்றார். "வாலை நிமித்தித்தான் அளக்கோணும்."

"சேர், நாய் வாலை நிமித்த ஏலாதெண்டெல்லோ சொல்லுறவை" என்றாள் சிவரூபி.

"அது பழமொழி தங்கச்சி. இது சுற்றறிக்கை."

வால் வெட்டிய நாய்களுக்குப் பின்னர் அறிவிக்கப்படும் என்றார்கள். இன்றுவரை அறிவிக்கப்படவில்லை.

அடுத்த நாள் ஜூலிக்குக் கண் தெரிந்தது. தபால்காரரைப் பார்த்து அது இனிமேல் குரைக்கும் என்று டொக்டர் அம்மா சந்தோஷப்பட்டார். இடுப்பில் சிவப்பு நாடாவைக் கண்டு, இது புதுசோ, அழகா இருக்கு, அவிழ்க்க வேண்டாம் என்றார். அந்தக் கிழமையே வேறு இரண்டு வீட்டார் தங்கள் நாய்க்கும் ஜூலிக்குக் கட்டின மாதிரி வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். சிவரூபி நாள்முழுக்க வேலை செய்தாள். இடுப்பு வரைக்கும் ஒரு ஆளாகவும், இடுப்புக்கு அப்பால் இன்னொரு ஆளாகவும் வெட்டினாள். கத்தரிக்கோல் கோட்டைக் கடக்கும்போது ஒரு கணம் நிறுத்தி மூச்சுவிட்டுத் தொடர்வது அவள் கைக்குப் பழக்கமாயிற்று. வீட்டில் அரிசி வாளி நிறைந்தது. மிதுஷா, "அம்மா, இப்ப நீங்க ஆரு?" என்று கேட்டாள். "முன்பக்கம் அம்மா, பின்பக்கமும் அம்மா. சாப்பிடு" என்றாள் சிவரூபி.

தைப் பூரணைப் போயா வந்தது. விடுமுறை. பணிமனை இருந்த வீதியில் கடைகள் பூட்டியிருந்தன. காலையில் பெய்த மழை விட்டு, வெயில் ஏறியிருந்தது. சிவரூபி தன் பையோடு வந்து, பூட்டிய கடையொன்றின் தாழ்வாரத்தில், பணிமனை வாசல் தெரிகிற மாதிரி ஒதுங்கி நின்றாள்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. விடுமுறை நாளிலும் காவல் இருந்த முஹம்மது தம்பி கதிரையிலிருந்து எழும்பி, தொப்பியை எடுத்துப் போட்டு, பெரிய படலையைச் சாத்திவிட்டு, சின்ன வாசலால் வெளியே வந்து பள்ளிவாசல் பக்கம் விந்தி விந்திப் போனார். அவர் மூலை திரும்பும்வரை சிவரூபி அசையவில்லை.

பிறகு அவள் சின்ன வாசலால் உள்ளே போனாள். முதலில் செய்தது, அவருடைய கதிரையைத் தூக்கி, நாயின் ஒரு துளி ஈரமும் போய்ப் படாத மேல்படியில் வைத்ததுதான்.

"டிரெக்டர், வாங்கோ" என்றாள். அது எழும்பாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். யாரும் கூப்பிட்டதில்லை போலும். எழும்பி வந்தது.

மதிலோரக் குழாயடியில் சிக்கை வெட்டினாள். கட்டி கட்டியாக விழுந்தது. உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எண்ணெய்ப் போத்தலுக்குள் போட்டாள். இடுப்பு வந்ததும் கை பழக்கத்தில் நின்றது. கண் நாடாவைத் தேடியது. நாடா இல்லை. அவள் கத்தரிக்கோலை நிறுத்தாமல் வால் நுனி வரைக்கும் கொண்டுபோனாள்.

முழுக வார்த்துத் துடைத்தபோது அடியிலிருந்து நிறம் வந்தது. பனங்குருத்துப் போல இளமஞ்சள். கழுத்தடியில் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி. டிரெக்டர் உடம்பை ஒரு தடவை உலுப்பி, இரண்டு தடவை தன்னைத்தானே சுற்றிப் பார்த்து, போய்க் கால்மிதியில் படுத்தது. சொறியவில்லை.

சிவரூபி ஈரம் பட்ட இடமெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். விழுந்த முடி முழுவதையும் கூட்டி அள்ளி ஒரு பையில் கட்டித் தன்னோடு எடுத்துக்கொண்டாள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கையை முழங்கை வரைக்கும் கழுவி, உலர விட்டு, மேல்படியில் இருந்த கதிரையைத் தூக்கி வந்து அது முன்பு நின்ற இடத்திலேயே, நாலு கால் தடமும் பொருந்த வைத்தாள்.

பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் கலைகிற அரவம் கேட்டபோது வீதியில் யாரும் இல்லை. கதிரை ஒரு துளி நனையாமல் வெயிலில் இருந்தது.